மாமன் கொடுத்த டர்போவைத் திருப்பி அனுப்பிய விவரம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்; நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்களாவது நலமாக இருங்கள். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

உங்கள் மருமகளின் பந்தயக் காருக்கு ஆசையாக ஒரு டர்போ இன்ஜின் கொடுத்தீர்களே, அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். லாரி காலையில் கிளம்பியது. வழியெல்லாம் சரக்கு இறக்கிக்கொண்டு வரும் என்பதால் கூரியரில் இந்தக் கடிதம் முந்திவிடும். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

கடைத்தெருவுக்கு எடுத்துப்போகிற சாதாரணக் கார் மாதிரியே இருக்கிற கார்களை உரசிக்கொண்டும் இடித்துக்கொண்டும் ஓட்டுகிற டூரிங் கார் பந்தயத்தில் அடிபடுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் பழைய இன்ஜின் சொன்ன பேச்சு கேட்கும். பந்தயப் பாதையை ஒட்டி எங்கள் ஆட்கள் நிற்கிற பிட் சுவரோரம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நின்று, வளைவு முடிகிற நேரம் பார்த்து "மிதி" என்பேன், அவள் மிதிப்பாள், கார் பாயும். அப்பனும் மகளுமாகக் கோப்பை கோப்பையாக வாங்கி வந்தோம். உங்கள் டர்போ அப்படியா? வெளியே போகிற புகை ஒரு விசிறியைச் சுற்றி, அது காற்றை இழுத்து உள்ளே திணித்து, அப்புறம்தான் ஐயாவுக்கு மூச்சே வருமாம். நான் "மிதி"ங்கிறேன், அவ மிதிக்கிறா, கார் தேமேன்னு போகுது. மூணு பேர் முந்திப் போறானுங்க, ஒருத்தன் பக்கத்துக் கண்ணாடியையும் சேர்த்துக் கொண்டுபோறான். போச்சுடான்னு நான் தலையில கை வெக்கிற நேரத்துல மொத்த பலமும் ஒரேயடியா வந்து இறங்குது. அதுக்குள்ள அடுத்த வளைவு வந்தாச்சு, கார் நேரா பாதையோர டயர் அடுக்குல போய்ச் சொருகுது! சரி, முன்னால போறவன் வாலைப் பிடிச்சுக்கிட்டே போன்னேன். அதுவும் தப்பாம். "அவன் விடற சூட்டுல இது சோர்ந்துடும் சார், இதுக்குக் குளுந்த காத்து வேணும்"ங்கிறான் நம்ம மெக்கானிக் கிரீஸ். காத்து வாங்கணும்னா பார்க்குக்குப் போகச் சொல்லுன்னேன்.

உள்ளதைச் சொல்றேன் மச்சான், உங்க தங்கச்சியும் இதே ரகம்தான். காலையில நான் விட்ட வார்த்தைக்கு ராத்திரி சாப்பாட்டுலதான் பதில் வெடிக்கும். அது பழகிடுச்சு. ஆனா பொண்ணு பேசாம இருக்கறது தாங்கல. போன பந்தயம் முடிஞ்சதும் என் ஹெட்செட்டைக் கழட்டி டயர் மாட்டுறவர் கையில குடுத்துட்டா. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா மனசு ஆறியிருக்கும். ஒரே மேஜையில உட்கார்ந்துகிட்டு, "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா"ங்கிறா. வர்ற ஞாயித்துக்கிழமை கடைசிப் பந்தயம். அதுலயும் கோட்டை விட்டா இனிமே காரையே தொடமாட்டேன்னு அம்மாகிட்ட அழுதிருக்கா. அதனாலதான் அவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே இன்ஜினை இறக்கினோம். "பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே சார்"னு கிரீஸ் இழுத்தான். பெத்தவன் நான், எனக்குத் தெரியாதான்னு அடக்கிட்டேன். பழைய இன்ஜினை அவன் நாளைக்கு மாட்டிவிடுவான்.

தங்களுக்கும் தங்கள் துணைவியாருக்கும் எங்கள் வணக்கம். எந்த வளைவிலும் முட்டாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஹெட்செட் இழந்த உங்கள் மச்சான்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் மகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். "பிடிபட்டுடுச்சுப்பா! நேத்து ப்ராக்டிஸ்ல இடது காலை பிரேக்ல வெச்சுக்கிட்டே வலது காலை ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து எடுக்காம மிதிச்சேன். விசிறி ஓயவே இல்ல, வளைவு முடிஞ்சதும் பிச்சுக்கிட்டுப் போச்சு. எல்லாரும் டர்போ ஓட்டறப்ப நமக்கும் அதுதான் சரி. ஞாயித்துக்கிழமை நீங்களே பேசுங்க, ஆனா கொஞ்சம் முன்கூட்டியே 'மிதி'ன்னு சொல்லுங்க" என்று ஹெட்செட்டை என் மடியில் வைத்தாள். இன்ஜின் லாரி ஏறியதைச் சொல்லாமல், கவரிலிருந்து கடிதத்தை மறுபடி வெளியே எடுத்தேன். மச்சான், மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். லாரியிலிருந்து இன்ஜினை இறக்கவே வேண்டாம், வேறு வண்டி பிடித்தாவது ஞாயிறுக்குள் திருப்பி அனுப்புங்கள். காரைப் பார்க்க அவள் ஷெட்டுக்குப் போயிருக்கிறாள். போய்க் கொஞ்ச நேரம் ஆகிறது. இன்னும் ஒரு சத்தமும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.