சர்க்கரைச் சாளரத்தில் வானரக் கோமான் பட்ட பாடு

பழைய தரைவிரிப்பைக் கிழித்துத் தைத்த ரோமக் கவசம் பூண்டவனும், ரப்பர்க் கோரைப்பல்லால் ஓர் ஊரையே கொன்று குவித்தவனும், முதல் பாகத்தின் முடிவில் மொட்டைமாடியிலிருந்து விழுந்து மாண்டும் இரண்டாம் பாகத்துக்காகக் காரணம் எதுவும் சொல்லாமல் உயிர்த்தெழுந்தவனுமாகிய வானரக் கோமானே, உன் புகழ் பாட வந்தேன். நீ கொஞ்சம் அசையாமல் நில்.

கவசத்துக்குள் இருந்தவர் இயக்குநரின் அக்கா கணவர். முதல் படம் வெளிவந்தபோது குரங்காக வந்தது தாம்தான் என்று தெருவெல்லாம் சொன்னார். எவரும் நம்பவில்லை. பெற்ற தாயே, "போடா, அந்தக் குரங்கு நல்லா நடிச்சிருந்துச்சு" என்று சிரித்தாள். ஆகவே இரண்டாம் பாகத்தின் கடைசியில் குரங்கு தன் தலையைக் கழற்றும், உள்ளே மனித முகம் தெரியும் என்று மைத்துனன் வாக்களித்திருந்தான். ஆனால் படப்பிடிப்புக்கு இரவல் வாங்கிய வீட்டை மாலையில் திருப்பித் தர வேண்டும். அதற்குள் சாளரக் காட்சி பிசகின்றி முடிந்தால் முகக் காட்சி. இல்லாவிட்டால் முகம் இல்லை.

சாளரமோ, பளிங்கும் நாணும் பலகணி. அக்கா தன் அடுப்பில் சர்க்கரையைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி உறையவைத்த, உடைத்தாலும் உடம்பைக் கீறாத கண்ணாடி, ஒன்றே ஒன்று. கோமான் வெளியே நின்று அதில் இரு கைகளையும் பதித்து, உள்ளே புத்தகம் படிக்கும் நாயகியை நெடுநேரம் வெறித்து, பின் அதை உடைத்துப் பாய வேண்டும். இதை வகுத்த மேதை, கண்ணாடிக்கு அருகே பெருவிளக்கு ஒன்றையும் வைத்தான். வெப்பம் சர்க்கரையை என்ன செய்யும் என்பது காபி கலக்கத் தெரிந்த எவருக்கும் தெரியும். அன்று அங்கே எவரும் காபி கலக்கவில்லை போலும்.

"மாமா, கைய எடுக்காதீங்க."

"எடுக்கணும்னாலும் வராது போலிருக்கு மாப்ள. ஒட்டிக்கிச்சு."

"குரங்கு பேசாது மாமா."

அப்பொழுது எழுந்தது ஒரு படை. முரசு முழங்காமல், கொடி அசையாமல், சுவரின் விரிசலிலிருந்து செந்நிற ஆறெனப் பெருகி, உருகிச் சொட்டும் சாளரத்தின் அடியைத் தொட்டு, அதன் இனிமையைத் தலைவர்கள் சுவைத்து, பின்னால் வந்தோர்க்குச் சேதி சொல்லி, கோமானின் ரோமக் கைகளைப் பாலமாகக் கொண்டு, முழங்கை கடந்து, தோள் கடந்து, அக்குளின் தையல் பிரிந்த வாயிலைக் கண்டு, அதன் வழியே உள்ளே புகுந்தது எறும்புச் சேனை.

கோமான் அசையவில்லை. மார்பில் அம்பு தாங்கிய வீரரைப் பாடிய புலவர் பலர். அக்குளில் எறும்பு தாங்கியவனைப் பாடியவர் எவருமில்லை. அவர்களை எறும்பு கடித்திருக்காது. கடி கழுத்துக்கு ஏறியது. அவன் தன் முகத்தை நினைத்தான். காதுக்கு ஏறியது, திரையில் அம்முகத்தைக் காணப்போகும் தாயை நினைத்தான். இடுப்பு மட்டும் தனக்குரிய தாளத்தில் மெல்ல ஆடத் தொடங்கியது.

"டேய், அவரு ஆடுறாருடா" என்றாள் அக்கா.

"இல்லக்கா, நடிக்கிறாரு. இப்பதான் மொத தடவையா."

கண்ணிமையில் முதற் கடி விழுந்தது. கோமான் ஆணைக்குக் காத்திராமல், மலை பெயர்ந்தாற்போல் பாய்ந்தான். உடைய வேண்டிய கண்ணாடி உடையவில்லை. சட்டத்தை விட்டு முழுதாகக் கழன்று அவன் கைகளோடு வந்தது. தாம்பாளம் ஏந்திய விருந்தாளியைப் போல் அறை நடுவே வந்து நின்ற கொலைவெறியனைக் கண்டு, அலற வேண்டிய நாயகி, "வாங்க, உக்காருங்க" என்றாள்.

கோமான் அந்தப் பளிங்கைத் தன் தலையிலேயே அடித்து நொறுக்கினான். விடுபட்ட கைகளால் வானரச் சிரத்தைப் பிடுங்கி எறிந்தான். ஓடிக்கொண்டிருந்த கேமராவின் முன், மூவுலகும் காணக் காத்திருந்த முகம், வாயைப் பிளந்து ஊளையிட்டது.

மைத்துனன் பதிவைப் போட்டுப் பார்த்தான்.

"ஃபோகஸ் ஜன்னல்ல இருக்கு மாமா. உங்க மூஞ்சி கலங்கலா தெரியுது."

"அதனால என்ன, தலைய மாட்டிக்கிட்டு இன்னொரு தடவை கழட்டுறேன். வெளிச்சம் இருக்குல்ல?"

"வேணாம். கலங்கலா இருக்கறதுதான் பயங்கரமா இருக்கு. இதையே கடைசியில வெச்சுக்கறேன்."

"மாப்ள, நீ வாக்கு குடுத்திருக்க."

அக்கா, தன் கணவரின் தாடையைப் பிடித்து விளக்கின் பக்கம் திருப்பினாள். "இப்ப எடுத்தா மட்டும் அத்தைக்கு அடையாளம் தெரிஞ்சிடுமா? ஒரு கண்ணு மூடியே போச்சு. உதட்டப் பாருங்க, குரங்கே தேவல."

படைகளை வென்றவனும், பளிங்கைப் பிளந்தவனும், தன் திருமுகத்தை உலகுக்கு ஈந்தும் உலகால் அறியப்படாமல் போகப்போகிறவனுமாகிய வானரக் கோமான், வீங்காத ஒற்றைக் கண்ணால் எட்டுத் திசையையும் நோக்கினான்.

சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.