சிலிர் என்றால் மூன்று

ஒரு காட்டில், குவாரிக்காரர்கள் கண்ணில் இன்னும் படாத ஒரு குன்று இருந்தது. அதன் வளைகளில் முள்ளம்பன்றிகளான நாங்கள் குடியிருந்தோம். எங்கள் இனத்துக்குச் சிலிர் என்று பெயர். முள்ளை உதறி உதறிப் பேசும் எங்கள் மொழிக்கும் சிலிர் என்றுதான் பெயர். முதல் மழைக்கு நாங்கள் ஆடும் ஆட்டமும் சிலிர்தான். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. "சிலிர் சிலிரில் பாடிக்கொண்டே சிலிர் ஆடியது" என்றால் குட்டிகளுக்கும் புரியும்.

ஒருநாள் குன்றைக் குவாரிக்கு விடப்போவதாகச் செய்தி வந்தது. சொந்தமாக இனப்பெயர், மொழி, கலை மூன்றும் உள்ளவர்கள் விண்ணப்பித்தால் அவர்கள் இடத்தைத் தொடமாட்டார்களாம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். சிலிர் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளரும்கூட. சங்கத்தில் வேறு யாரும் சேரவில்லை.

படிவத்தை நிரப்பிக்கொண்டு காட்டு அலுவலகத்தில் போய் வரிசையில் நின்றேன். கவுன்டரில் ஒரு நாரை இருந்தது. கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு அலகை ஆட்டியது.

"இனம் சிலிர், மொழி சிலிர், கலை சிலிர். ஒரே பேரை மூணு கட்டத்துல போட்டா மெஷின் எடுக்காது சார்."

"பேரே அதுதாங்க."

"மூணு விஷயம் இருந்தா மூணு பேர் இருக்கணும்ல?"

எனக்கும் அது நியாயமாகப்பட்டது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொல்வதெல்லாம் எனக்கு நியாயமாகத்தான் படும்.

குன்றுக்கு வந்து கூட்டம் போட்டேன். இனம் இனிமேல் சிலிரர், மொழி சிலிரியம், கலை சிலிர்க்கூத்தம் என்று அறிவித்தேன். கம்பீரமாக இருப்பதாக நானே சொல்லிக்கொண்டேன். என் சித்தி கூராயி கிழங்கை மென்றுகொண்டே கேட்டாள்.

"இவங்கல்லாம் யாருடா?"

"நாமதான் சித்தி."

"நாம சிலிரு இல்ல?"

"அது பழசு. உனக்குப் புரியாது."

புதுப் பெயர்களை மெஷின் உடனே எடுத்துக்கொண்டது. மூன்று நாள் நான் தரையில் நடக்கவில்லை.

நான்காம் நாள் நேரில் விசாரிக்க ஒரு நரி அதிகாரி வந்தார். அவருக்குப் போர்த்த நல்ல சால்வையாகத் தேடி நான் ஏரிக்கு அக்கரைக்குப் போயிருந்தேன். குன்றடியில் உட்கார்ந்திருந்த சித்தியிடம் அவர் கேட்டிருக்கிறார்.

"நீங்க சிலிரர்தானேம்மா?"

"இல்லீங்க."

"சிலிரியம் பேசுவீங்களா?"

"அதெல்லாம் படிச்சவங்க பேசுறதுங்க."

"சிலிர்க்கூத்தமாவது பாத்திருக்கீங்களா?"

"எங்க பக்கம் வந்ததில்லீங்களே."

நான் சால்வையோடு ஓடி வந்தபோது அவர் எழுதி முடித்திருந்தார். 'இக்குன்றில் சிலிரர் என்ற தொன்மையான இனம் வாழ்ந்து அழிந்துள்ளது. தற்போது முள்ளம்பன்றிகள் சில ஆக்கிரமித்துள்ளன.'

"சார், சிலிரரே நாங்கதான்" என்றேன்.

"சரி, சிலிரியத்துல ஒரு வாக்கியம் பேசுங்க."

முள்ளை உதறிக் காட்டினேன். வயிற்றெரிச்சல் முழுவதையும் அந்த ஒரே வாக்கியத்தில் சொன்னேன்.

"இது சிலிர். அந்தம்மா பக்கத்துல இருந்தவங்ககிட்டப் பேசும்போதே என்ன மொழின்னு கேட்டேன், சிலிருன்னாங்க" என்றார் நரி. சால்வையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

குன்று பிழைத்தது. அழிந்துபோன இனத்தின் இடத்தை உடைக்கக் கூடாது என்று குவாரியை நிறுத்திவிட்டார்கள். ஆக்கிரமித்தவர்கள் என்று எங்களை ஏரிக்கரைக்கு விரட்டினார்கள். வளைகள் அருங்காட்சியகம் ஆயின. சிலிரரைப் பற்றி என்னளவுக்கு அறிந்தவர் வேறு யாரும் இல்லை என்பதால் வழிகாட்டி வேலையை எனக்கே கொடுத்தார்கள். சீருடை இறுக்கமாக இருந்தது. போட்டுக்கொண்டேன்.

போன வாரம் சித்தி வந்தாள். அவள் வளை வாசலில் கயிறு கட்டியிருந்தது.

"அதைத் தாண்டக் கூடாது சித்தி" என்றேன்.

அவள் தாண்டவில்லை. கயிற்றுக்கு வெளியிலேயே நின்று, பெருக்கித் துடைத்திருந்த தன் வீட்டை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா வாழ்ந்திருக்காங்க, பாவம்" என்றாள். "எப்படிடா செத்தாங்க?"

அந்தக் கேள்விக்கு எனக்கு எழுதிக் கொடுத்திருந்த பதிலைச் சொன்னேன். "ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது."

நீதி: அரசாங்கம் உங்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் நீங்கள் அழிந்திருக்க வேண்டும். கூடவே படித்தவன் ஒருவன் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.