டச்சுக்காரரின் மூஞ்சி

சக்கரபாணி சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒரே ஓர் இழுப்புதான் இழுத்தார். டச்சுக்காரரின் மூஞ்சி பஞ்சோடு வந்துவிட்டது.

தொப்பி அப்படியே இருந்தது. கழுத்தைச் சுற்றிய வெள்ளை லேஸ் காலரில் ஓர் இழைகூட மங்கவில்லை. நடுவில் மட்டும் செம்புத் தகடு பளபளத்தது.

செம்புத் தகட்டில் தீட்டிய, உள்ளங்கை அகல ஓவியம். முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஹாலந்துச் சீமான் ஒருவர். புதுச்சேரிப் பேராசிரியர் ராஜாங்கத்தின் பொக்கிஷம். ராஜாங்கத்தின் மகனுக்குத்தான் சக்கரபாணியின் மகள் துர்காவைப் பேசியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, "சட்டத்துல பீங்கான் ஓரம் பேந்துடுச்சு. விருத்தாசலத்துப் பீங்கான்காரரு, ஒட்டித் தர மாட்டீங்களா?" என்று நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்று மதியம் பூ வைக்க வருகிறார்கள்.

ஓரத்தை ஒட்டியதோடு சக்கரபாணி நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொம்மைச் சூளை வைத்திருப்பவர். சாயம் என்றால் சூளையில் வெந்திருக்கும், வெந்த சாயம் கழுவினால் போகாது என்பது அவர் கொள்கை. டச்சுக்காரர் வேகாதவர் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் பூங்கோதையை அவசரமாக வரவழைத்தார்.

"கண்ணு மூக்குதானேங்க, நான் எழுதித் தரேன்" என்றாள்.

எழுதினாள். கொலு பொம்மைக்குக் கண் எழுதிப் பழகிய கை. நீண்ட விழியும் சிவந்த உதடுமாக, ஹாலந்துச் சீமான் புல்லாங்குழலை எங்கோ மறந்து வைத்துவிட்ட கிருஷ்ணராகிவிட்டார்.

"அழி, அழி! நெஜ மனுசன் மூஞ்சி வேணும்."

"அப்ப யாராச்சும் எதிர்ல உக்காருங்க."

வேறு ஆள் இல்லாததால் சக்கரபாணியே உட்கார்ந்தார். வடை சுட்டுக்கொண்டிருந்த மனைவி அம்புஜவல்லி வந்து எட்டிப் பார்த்தாள்.

"நீங்க எப்பங்க தொப்பி போட்டீங்க?"

"அவ்ளோ தெரியுதா? பூங்கோத, ஒரு மீசைய வையி!"

மீசை ஏறியது. அம்புஜவல்லியின் முகம் மலர்ந்தது. "அய்யோ, அப்படியே எங்க அண்ணன்!"

அந்த அண்ணனோடு சக்கரபாணிக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. மறுபடி பஞ்சை எடுப்பதற்குள் வாசலில் கார் நின்றது.

"உண்மைய சொல்லிடட்டுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"சொல்லுங்க. அப்படியே கார்ல ஏறிப் போயிடுவாங்க. துர்கா மூஞ்சிய அப்புறம் நீங்களே பாத்துக்குங்க."

சக்கரபாணி ஓவியத்தைக் கையில் எடுத்தார். மீசையை மின்விசிறிக்கு நேரே காட்டிக் காயவைத்துக்கொண்டு போனார்.

ராஜாங்கம் லென்ஸை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

"சம்பந்தி, என்ன பண்ணீங்க இத?"

"லேசா... துடைச்சேங்க."

"அழுக்குக்கு அடியில இருந்த உண்மையான மூஞ்சிய வெளியில கொண்டாந்துட்டீங்க! இந்தப் பார்வையப் பாருங்க! டச்சுக்காரனத் தவிர எவனுக்கு வரும் இது?"

சுவரில் மாட்டியிருந்த குடும்பப் புகைப்படத்திலிருந்து மச்சானும் அதே பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அம்புஜவல்லி அந்தப் பக்கம் போய் மறைத்து நின்றுகொண்டாள்.

துர்காவுக்குப் பூ வைத்தார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். சக்கரபாணிக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. முந்நூற்றைம்பது வருஷம் கெட்டுப்போகாத மனிதரைத் தன் ஒரு கைப் பஞ்சு தீர்த்துவிட்டதே என்று கொல்லையில் போய் நின்றார். அவமானமாக இருந்தது. கெட்டாலும் கெடட்டும், ராஜாங்கத்திடம் சொல்லிவிடுவது என்று உள்ளே திரும்பினார்.

எதிரே கொளஞ்சியம்மாள் வந்தாள். ராஜாங்கத்தின் வீட்டில் வேலை செய்பவள். வரிசைத் தட்டோடு காரில் வந்தவள். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லி வெச்சுடாதீங்க அய்யா. செம்பாச்சேன்னு போன பொங்கலுக்கு நான்தான் புளி போட்டுத் தேய்ச்சேன். மூஞ்சி அன்னிக்கே போயிடுச்சு. நீங்க அழிச்சது, பையனோட கலர் பொட்டிய வெச்சு எங்க வூட்டுக்காரரு கண்ணாடியப் பாத்து எழுதுன அவரு மூஞ்சி."