மணல் குவியலில் ஏறிய டெஸ்ட் டிரைவ்

போன ஆவணி மாதம், இரண்டாவது சனிக்கிழமை. வழக்கம்போல விடிவதற்கு முன்பே எழுந்து, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, பேப்பரை மடிப்புக் கலையாமல் படித்து முடித்து, என் மனைவி செல்வியைக் கைபிடித்துக் கட்டிலில் எழுப்பி உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று பெரம்பலூரில் எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. (அன்று மதியம் வரை உண்டு என்று எழுதுவதுதான் சரி.)

செல்விக்கு மூட்டு ஆபரேஷன் நடந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வீட்டுக்குள் மெதுவாக நடந்துவிடுவாள். எங்கள் பழைய கார்தான் அவளுக்கு எதிரி. அதன் சீட் தரையோடு தரையாக இருக்கும். உட்கார்ந்துவிட்டால், ஆளுக்கொரு கையைப் பிடித்து இரண்டு பேர் தூக்க வேண்டும். அடுத்த மாதம் அரியலூரில் அவள் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. "அத்தனை சனத்துக்கு முன்னாடி என்னை நெல்லு மூட்டை மாதிரி எறக்குவீங்க. நான் வரலை" என்று சொல்லிவிட்டாள். சொன்னவள், அடுப்படியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். புதுக் கார் எண்ணம் எனக்கு அங்கேதான் வந்தது.

ஜீப் மாதிரி உயரமான வண்டியில் அவளால் ஏற முடியாது. குள்ளமான வண்டியிலிருந்து எழ முடியாது. நடுவாந்திரமாகப் பிரீமியம் ஹேட்ச்பேக் ஒன்று புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். டேப்போடு ஷோரூமுக்குப் போய் சீட்டின் உயரத்தை அளந்து, எங்கள் சாப்பாட்டு மேஜை நாற்காலியோடு ஒப்பிட்டேன். "நாற்காலியோட ஒப்பிட்டு வண்டி பாக்குற மொத கஸ்டமர் நீங்கதான் சார்" என்றாள் விற்பனைப் பெண் நித்யா. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை நித்யாவோடு டெஸ்ட் டிரைவ் புறப்பட்டேன். ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்குப் போய், செல்வியை உட்காரவைத்துப் பார்ப்பது ஏற்பாடு. பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன். அப்போதும் இல்லை.

"சார், மொத தடவையே ஸ்டார்ட் ஆயிடுச்சு. ரெண்டாவது தடவை நீங்கதான் ஆஃப் பண்ணீங்க."

வெண்ணெய் மாதிரி போனது வண்டி. பள்ளம் வந்ததே தெரியவில்லை. திரையில் வண்டியின் நான்கு பக்கமும் தெரிந்தது, யாரோ மொட்டை மாடியில் நின்று எட்டிப் பார்ப்பதுபோல. ஆனால் அது ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. என் இடது கால் அதை நம்ப மறுத்தது. அரியலூர் ரோட்டில் கிளட்ச் என்று நினைத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டி நட்ட நடு ரோட்டில் நின்றது. பின்னால் வந்த சிமென்ட் லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி என் பரம்பரை முழுவதையும் விசாரித்தார்.

"இடது காலை வூட்டுலயே வச்சிட்டு வந்ததா நெனச்சுக்குங்க சார்" என்றாள் நித்யா, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால், அரியலூரிலிருந்து செல்வியின் அண்ணன் ராமலிங்கம் மச்சான் வந்து நிற்கிறார். கையில் தாம்பாளம், அதில் சந்தனம், குங்குமம், தேங்காய், நான்கு எலுமிச்சம்பழம். முந்தின நாள் போனில், "நாளைக்கு வண்டி வீட்டுக்கு வருது மச்சான்" என்று நான் சொல்லியிருந்தேன். வாங்காத வண்டி வீடு தேடி வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான் இறங்கி வாயைத் திறப்பதற்குள் பானெட்டில் மூன்று விரலால் சந்தனப் பட்டை போட்டுவிட்டார்.

"ஐயோ சார், இது டெமோ வண்டி!" என்று நித்யா அலறினாள்.

"டெமோவா இருந்தா என்னம்மா? தெனம் பத்து பேரு உக்காந்து பாக்குற வண்டி. இதுக்குத்தான் திருஷ்டி சாஸ்தி" என்று தேங்காயை உடைத்தார் மச்சான்.

நானும் மச்சானும் செல்வியைக் கைத்தாங்கலாக முன்சீட்டில் உட்காரவைத்தோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "ஏத்துங்க மாப்ள!" என்றார் மச்சான்.

வண்டியை நான் நியூட்ரலில்தான் நிறுத்தியிருந்தேன். பழைய காரின் பழக்கம். பழைய காரில் முதல் கியருக்கு லீவரை முன்னால் தள்ள வேண்டும். தள்ளினேன். இதில் முன்னால் தள்ளினால் ரிவர்ஸ்.

திரையில் ஒரு மணல் மேடு தெரிந்தது. ஏதோ பாலைவனச் சுற்றுலா விளம்பரம் என்று நினைத்தேன். பீப் பீப் என்றது. பெல்ட் போடச் சொல்கிறது என்று பெல்ட்டைத் தேடினேன். மேடு பெரிதாகிக்கொண்டே வந்தது. இடது காலால் இல்லாத கிளட்ச்சை முழுதாக மிதித்தேன். வலது கால் ஆக்சிலேட்டரில் இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் மாடி கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் வண்டியின் பின்பாதி ஏறி உட்கார்ந்தது. ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியதா என்று அந்த நிலையிலும் யோசித்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

என் பக்கத்துக் கதவு திறந்தது. "என்னங்க, அடி பட்டுச்சா? எங்கயாச்சும் வலிக்குதா?"

செல்வி. தானே கதவைத் திறந்து, தானே இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து நிற்கிறாள்.

மச்சான்தான் முதலில் கவனித்தார். "ஏ செல்வி, நீ எப்புடி எறங்குன?"

அவள் குனிந்து தன் காலையே பார்த்தாள்.

"சாஞ்சு நிக்குது அண்ணே. அதான் எறக்கி வுட்டுடுச்சு" என்றாள், நம்பத் துணிவில்லாமல். நித்யாவுக்கு அது பொறுக்கவில்லை. எல்லோருமாக மணலை வாரித் தள்ள, அவளே வண்டியைச் சமதரைக்குக் கொண்டுவந்தாள். பம்பரில் கீறல்கூட இல்லை. "இப்ப உக்காருங்க மேடம். யாரும் கை குடுக்காதீங்க."

செல்வி உட்கார்ந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள், எழுந்தாள். மூன்றாவது தடவை சிரித்துவிட்டாள். நான் மணலை உதறும் சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திட்டுவதற்கு எல்லா உரிமையும் இருந்தும் அந்தப் பெண் திட்டவில்லை. "வண்டிக்கு ஒன்னும் ஆகலை சார், கொஞ்சம் சந்தனம் மட்டும் இருக்கு" என்று மேனேஜருக்குப் போன் செய்தாள். அவளுக்கு நான் பட்ட நன்றிக்கடன் சின்னதல்ல.

வளைகாப்புக்குப் புது வண்டியில்தான் போனோம். பந்தல் வாசலில் செல்வி தனியாக இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். அவளை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. எல்லோரும் மச்சானைச் சுற்றி நின்றார்கள். "ஊருல எல்லாரும் ரோட்டுல ஓட்டிப் பாத்து வாங்குவாங்க. எங்க மாப்ள மணல்ல பின்னால ஏத்திப் பாத்துல்ல வாங்குனாரு!" இன்றும் எந்த விசேஷமானாலும் இந்தக் கதை முடிந்த பிறகுதான் இலை போடுகிறார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை, செல்வியை எழுப்பக் கைநீட்டினால் கட்டிலில் ஆளில்லை. வாசலில் செருப்போடு நின்றிருந்தாள்.

"ஷோரூம் ஞாயித்துக்கெழம தொறந்திருக்குமா?"

"ஒன்பது மணிக்கு."

"அப்ப நேரமிருக்கு. எதிர்வூட்டு மணலை மொதல்ல குவிச்சு வச்சிட்டு வாங்க."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.