தோளில் காவிப் போன வாக்கு

ஒரே நடையில் இரண்டு வேலை பார்க்கப் புறப்படுகிறவன் இரண்டையும் கெடுப்பான். இதை எனக்கு விளங்கப்படுத்த ஒரு பொலிஸ்காரர் தேவைப்பட்டார்.

எண்பத்திரண்டாம் ஆண்டு. பொதுத்தேர்தல் வைக்காமல், இருக்கிற பாராளுமன்றமே இன்னும் ஆறு வருஷம் இருக்கும்படி அரசியலமைப்பைத் திருத்தலாமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு. சம்மதமென்றால் விளக்குச் சின்னத்துக்குப் புள்ளடி, இல்லையென்றால் குடத்துக்கு.

ஐந்தாம் வகுப்போடு ஊர்சுற்றக் கிளம்பிய எனக்கு (தேயிலைத் தோட்டம், திருகோணமலைத் துறைமுகம், தம்பலகாமத்து வயல்வரம்பு என்று படுக்காத இடமில்லை) எந்த ஊரிலும் வாக்கு இருந்ததில்லை. சம்பூரில் கலியாணம் கட்டிய பிறகு, மனைவி செல்வம்தான் ஊர் அதிகாரியான விதானையாரிடம் நடையாய் நடந்து என் பெயரைப் பதிவித்தாள். முதல் வாக்கு. மாப்பிள்ளை போல வெள்ளை வேட்டி கட்டினேன்.

வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தில். ஊரின் நல்லதண்ணிக் கிணறும் அதன் வாசலில். எங்கள் வீட்டுக் கிணறு உவர், செல்வம் நிறைமாதம். வாக்குப் போட்டுவிட்டு அப்படியே தண்ணீரும் அள்ளி வரலாமென்று, அவளுடைய சீதனப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டு மினுக்கி, தோளில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். (என் மூளை அவ்வளவுதான்.)

குடச் சின்னத்தோடு வந்து நான் பிரசாரம் செய்வதாகச் சொன்னார் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர். நானும் குடமும் பொலிசுக்குப் போக வேண்டுமாம். பயத்தில் சால்வையால் குடத்தை மூடினேன். களவெடுத்த பொருள் மாதிரியே ஆகிவிட்டது. என்னை வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். வாக்கெடுப்பு முடியப் போகிற நேரத்தில், தன் வாக்கைப் போடச் செல்வம் மெல்ல நடந்து வந்தாள். என்னையும் சால்வையையும் பார்த்தாள். பொலிஸ்காரர் பக்கம் திரும்பினாள்.

"சேர், குடம் கூடாதெண்டா தண்ணிய விளக்கிலயோ அள்ளுறது?"

வரிசை சிரித்தது. அவள் குடத்தை வாங்கிப்போய் அரைக்குடம் அள்ளிவந்து, வெயிலில் நின்ற பொலிஸ்காரருக்கே முதலில் நீட்டினாள். அவரும் இரண்டு கையாலும் தூக்கி அண்ணாந்து குடித்தார்.

"இப்ப குடம் உங்கட கையில சேர். ரெண்டு பேரையும் பிடிக்கிறதோ?"

அவர் குடத்தைச் சட்டென்று இறக்கிவிட்டு, என் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார். கடைசி ஆட்களாக நாங்கள் இருவரும் வாக்குப் போட்டோம். அப்படியொரு வக்கீலை எந்தக் கோர்ட்டிலும் நான் கண்டதில்லை.

எதற்குப் புள்ளடி போட்டேன் என்று இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை, வாக்கு இரகசியம். ஆனால் தேர்தல் வந்தால் பிள்ளைகள் குடம் இருக்கிற குசினிக் கதவைப் பூட்டுவார்கள். செல்வம் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லுவாள்:

"எல்லாரும் வாக்கை மறைச்சுப் போட்டவை. இந்த மனுசன் மட்டும் தோளில காவிக்கொண்டு போனவர்."