காரமில்லாத விதை

முனிரத்தினம் முதல் மிளகாயைப் பறித்துக் கடித்தான். அடுத்த நிமிஷம் தண்ணீர்ப் பானையைத் தேடி ஓடினான்.

"காரமா?" என்றாள் மனைவி அமிர்தவள்ளி.

"இல்ல" என்றான், கண்ணீர் வழிய.

ஆம்பூர் தோல் பதனிடும் கிடங்கில் பத்து வருஷமாகச் சுண்ணாம்புக் குழியில் நின்று அவன் கால் இரண்டும் வெடித்திருந்தன. முதலாளி அமீர் பாஷாவுக்கு வயிற்றுப் புண். காரம் ஆகாது என்று யுனானி வைத்தியரான ஹகீம் கண்டித்துச் சொல்லிவிட்டார். அதனால் முதலாளியின் மனைவி ஜஹீருன்னிசா, பெங்களூரிலிருந்து காரமில்லாத மிளகாய் விதை வரவழைத்தார்.

கோஷாப் பெண்மணி ஆகையால் திரைக்குப் பின்னாலிருந்தே அவனிடம் பேசினார். "உன் வீட்டுல வெச்சு வளத்துக் குடு. காரமில்லாம காய்ச்சா, குழியிலேருந்து எடுத்து உன்ன பங்களாத் தோட்டத்துல போட்டுடுறேன்."

மறுநாள் சமையல்கார ஹலீமா பீ விதைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் குழியை விட்டு ஏறிவிட வேண்டும் என்ற ஒரே ஆசையில் நாற்றைப் பிள்ளை மாதிரி வளர்த்தான், பாவம். இப்போது நாக்கு எரிகிறது.

பக்கத்துச் செடிதான் காரத்தை ஏற்றிவிட்டது என்று முடிவுகட்டி, அமிர்தவள்ளி வைத்திருந்த மிளகாய்ச் செடிகளை வேரோடு பிடுங்கினான். அவள் பேச்சை நிறுத்தினாள். காரம் நிற்கவில்லை.

தோலிலிருந்து மயிரையே கழற்றுகிற சுண்ணாம்பு மிளகாயின் காரத்தைக் கழற்றாதா என்று யோசித்து, சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றினான். பாதிச் செடி கருகியது. மிச்சத்தை வாடவிட்டால் வீரியம் அடங்கும் என்று தண்ணீரை நிறுத்தினான். அடுத்த காயைக் கடித்தபோது காது அடைத்துக்கொண்டது.

பத்து நாள் கழித்து அமிர்தவள்ளி வாய் திறந்தாள். "போய் உண்மையச் சொல்லிடு. அந்த மனுசனுக்கு ஒண்ணு ஆயிட்டா இன்னா பண்ணுவ?"

அவனுக்குச் சுருக்கென்றது. கூடையோடு பங்களாவுக்குப் போனான்.

"மொதலாளி, வேணாங்க, அது வந்து..." என்று அவன் ஆரம்பிப்பதற்குள் அமீர் பாஷா ஒரு மிளகாயை முழுசாக மென்றுவிட்டார். முகம் சிவந்தது. நெற்றியில் வேர்த்தது. திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

"காரம் துளிகூட இல்ல பேகம்" என்றார் நிதானமாக. "தினம் பத்து வேணும். இவன நாளைக்கே தோட்டத்துல போட்டுடு."

கொல்லைப்பக்கம் கூடையை வாங்கிக்கொண்ட ஹலீமா பீயிடம் முனிரத்தினம் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, என் கை பட்டா எந்த வெதைக்கும் காரம் ஏறிடுமா?"

"உன் கை மேல தப்பில்லப்பா" என்றாள் அவள். "பெங்களூர் வெதைய அன்னிக்கே கெணத்துல போட்டுட்டு, சமையக்கட்டு மொளகாய உடைச்சி அந்த வெதைய உனக்குக் குடுக்கச் சொன்னதே மொதலாளிதான்."