தலை கறுத்தது, சுவர் வெளுத்தது

பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து, "பெரியவரே, உட்காருங்க" என்றாள். பக்கத்தில் நின்ற என் மனைவி ஸுஹூர் என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவளுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊர் மெக்னெஸ் வரும்வரை நின்றுகொண்டே சிரித்தாள்.

அன்றே தீர்மானித்தேன். ஞாயிற்றுக்கிழமை மைத்துனி மகள் கல்யாணத்துக்குள் இந்தத் தலை கறுத்தாக வேண்டும். ஸுஹூருக்குத் தெரியாமல்.

மூலிகைக் கடை ஜிலாலியிடம் மருதாணிப் பொடி வாங்கினேன்.

"அவுரியும் வாங்கிக்கோப்பா. மருதாணி சிவப்புதான். அதுக்கு மேல அவுரி பூசினாத்தான் கறுக்கும்."

"எல்லாம் எனக்குத் தெரியும்" என்றேன். இருபத்தாறு வருஷமாக வீட்டில் எடுபடாத வாக்கியம். கடையிலாவது சொல்லிப் பார்க்கலாமே. அவுரி வாங்கவில்லை.

புதன்கிழமை ஸுஹூர் ஹம்மாமுக்கு, அதாவது ஊர்ப் பொதுக் குளியல் இல்லத்துக்குப் போனாள். குழைத்துப் பூசினேன். மூன்று மணி நேரம் ஊறினேன். கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால், ஆரஞ்சுப் பழம் ஒன்று மீசை வைத்துக்கொண்டு நின்றது. நரைமுடியில்தான் மருதாணி பளிச்சென்று பிடிக்குமாம். எனக்கு நரைக்காத இடமே இல்லை.

கதவு திறந்தது. ஸுஹூர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"யாருங்க நீங்க?"

"நான்தான், பூஷைப்."

"என் வீட்டுக்காரருக்கு வெள்ளை முடியாச்சே?"

"ஞாயித்துக்கிழமை கல்யாணம், ஸுஹூர்!"

"அப்போ மண்டபத்துல விளக்கு போட வேண்டாம்."

"காப்பாத்து."

தன் அலமாரியிலிருந்து அவுரிப் பொடியை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பத்து நிமிஷம் வைத்து, தலை முழுக்க அப்பினாள். இரண்டு மணி நேரம் கழித்து அலசினாள்.

"பச்சையா இருக்கே!"

"ரெண்டு நாள்ல கறுத்துடும். ஷாம்பு கூடாது, சுடுதண்ணி கூடாது. வெளிக்காத்து படவே கூடாது."

"காபிக் கடை?"

"கேக்கவே வேண்டாம். தலையில துணி கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே இருங்க. சும்மா உக்காந்தா ரத்தம் தலைக்கு ஏறாது, நிறம் பிடிக்காது. கையை மேல தூக்கி இறக்கணும்."

"எப்படி?"

"சமையல்ரூம் சுவர் இருக்கு. சுண்ணாம்பும் இருக்கு."

இரண்டு நாள் அடித்தேன். வெள்ளிக்கிழமை துணியை அவிழ்த்தபோது தலை கறுகறுவென்று இருந்தது. சமையலறை வெள்ளைவெளேர் என்று இருந்தது.

பெருமையாக ஜிலாலியிடம் போய்க் காட்டினேன்.

"பிரமாதம்! நல்லா காத்தாட உலாத்தினியா? காத்து பட்டாத்தானே அவுரி கறுக்கும்?"

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

"காத்து படணுமாமே, ஸுஹூர்! ஜிலாலியே சொல்றான்!"

"ஓ, படலாமா?" என்றாள் நிதானமாக. "நல்லதாப் போச்சு. அடுத்த மாசம் அடியில வெள்ளை எட்டிப் பாக்கும்ல, அப்போ மொட்டைமாடிச் சுவரை வெச்சுக்கலாம்."